நம்பரைக் காட்டினார்கள், குதிரையைக் காட்டவில்லை

(பினாங்கு, சுங்கை பினாங்கில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் தரம் குறித்து நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கருத்தரங்கில் பேச ஒப்புக்கொண்டதும், "எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்று ஏற்பாட்டாளர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். குதிரைப் பந்தய ஒளிபரப்பைப் பற்றி என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு தம்பி தயங்கித் தயங்கி, "ஐயா, மெகா தொடர்களைப் பற்றிப் பேசினால் கூட்டம் நிறைய வரும்" என்றார். மெகா தொடரைத் திட்டுவதற்கு இங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. குதிரையைப் பற்றிப் பேசத்தான் இனி ஆள் கிடைக்க மாட்டார்கள். அதனால் பிடிவாதமாக இருந்துவிட்டேன். கூட்டமும் மோசமில்லை. அந்தத் தம்பிக்கு நன்றி.

இந்த மண்டபத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால், சாலை நெரிசல் இல்லாத நேரமாக இருந்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பத்து காந்தோங் போய்விடலாம். அங்கேதான் பினாங்கு டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் இருந்தது. கிளப் தொடங்கப்பட்டது 1864-இல். மலேசியாவின் குதிரைப் பந்தய மன்றங்களில் அதுதான் மூத்தது. முதலில் மெக்காலிஸ்டர் சாலைப் பக்கம் ஓடிய குதிரைகள், இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு பத்து காந்தோங்குக்கு மாறின. 2024-இல் உறுப்பினர்கள் கூடி, நிலத்தை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 2025 மே 31-இல் கடைசிப் பந்தயம் ஓடியது. 161 ஆண்டுக் கணக்கு அத்தோடு முடிந்தது.

அன்றிரவு செய்தியில் காட்டினார்கள். எத்தனை விநாடி என்று நான் கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவதற்குள் வானிலை அறிக்கை வந்துவிட்டது. "என்னங்க, முடிஞ்சிடுச்சா?" என்றாள். செய்தியைக் கேட்கிறாளா, கிளப்பைக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

அந்தச் சில விநாடிகளுக்காகச் சண்டை போட நான் இங்கே வரவில்லை. இத்தனை ஆண்டுகளாகக் குதிரைப் பந்தயம் என்ற ஒன்றைத் திரையில் நமக்கு எப்படிக் காட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28-இல். அன்றிலிருந்து பூப்பந்து பார்த்தோம், காற்பந்து பார்த்தோம், ஹாக்கி பார்த்தோம். குதிரைப் பந்தயத்தை வீட்டுக் கூடத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அதற்குக் காரணம் உண்டு. குறை சொல்ல மாட்டேன். பந்தயம் என்றால் பணம் கட்டுவது. முஸ்லிம்களுக்கு அது விலக்கப்பட்டது. மற்றவர்களிலும் பலருக்கு அது பிடிக்காது. ஆகவே குதிரைப் பந்தயப் படம் பொது வீட்டுத் திரைக்கு வராமல், டர்ஃப் கிளப் மண்டபங்களிலும் உரிமம் பெற்ற பந்தய நிலையங்களிலும் தனிச் சுற்றாக ஓடியது. சிங்கப்பூரில் ஓடினாலும், ஈப்போவில் ஓடினாலும், கோலாலம்பூரில் ஓடினாலும் இங்கே பினாங்கில் திரையில் பார்த்தார்கள்.

அந்தத் திரையில் என்ன இருக்கும்? பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கை தூக்கச் சொல்லி வீட்டில் மாட்டிவிட மாட்டேன், பயப்படாதீர்கள்.

முதலில் ஒரு கட்டம். ஒன்றிலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வரைக்கும் நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே, வென்றால் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு. நிமிடத்துக்கு நிமிடம் அந்தக் கணக்கு மாறும். எல்லார் கண்ணும் அதிலேயே இருக்கும். குதிரைகள் புறப்படும் கதவுக்குள் நுழைவதைக் கொஞ்சம் காட்டுவார்கள். ஓட்டம் ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. உடனே வெற்றித் தொகை. அதைக் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்குள் வேறொரு ஊரின் அடுத்த ஓட்டத்துக்கான கட்டம் வந்து நிற்கும். மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று.

என் சித்தப்பா சைஸ் வேலை பார்த்தவர். இளையவர்களுக்குச் சொல்கிறேன்: சைஸ் என்றால் குதிரையைப் பராமரிப்பவர். அரபுச் சொல் அது. இந்துஸ்தானியில் புகுந்து, வெள்ளைக்காரத் துரைமார் வாயில் ஏறி, மலாயில் உட்கார்ந்து, நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் இந்த வேலைக்குப் பாவேயான் தீவுக்காரர்கள் பேர்போனவர்கள். இங்கே நம்மவர்களும் பலர் செய்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு லாயத்தில் இருக்க வேண்டும். சூரியன் ஏறுவதற்குள் பயிற்சி ஓட்டம். ஓடி முடித்து வரும் குதிரையின் உடம்பு கொதிக்கும். அப்படியே கட்டிப் போட்டுவிடக் கூடாது. சூடு தணியும்வரை நடத்திக் கொண்டே இருக்க வேண்டும். பிறகு குளிப்பாட்டி, குளம்பில் சிக்கிய மண்ணைக் குத்தி எடுத்து, நான்கு கால்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். எந்தக் காலாவது மற்றக் கால்களைவிடச் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ கோளாறு. மருத்துவர் வருவதற்கு முன்பே சைஸின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

அவரோடு ஒரு முறை பந்தயத் திடலுக்குப் போயிருந்தேன். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்களே, அங்கே நிறுத்தி, "என்னத்தடா பார்க்கிற?" என்று கேட்டார். முதுகுத் துணியில் இருக்கும் நம்பரைப் பார்க்கிறேன் என்றேன். தலையில் ஒரு தட்டு தட்டினார். "நம்பர் துணியில இருக்கு. குதிரை துணிக்குக் கீழ இருக்கு."

முன்னங்கால் பதித்த தடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுகிறதா என்று பார்க்கச் சொன்னார். தாண்டி விழுந்தால் முதுகும் இடுப்பும் கட்டில்லாமல் இருக்கின்றன என்று அர்த்தம். காதைப் பார்க்கச் சொன்னார். பின்னங்கால் தொடைகளுக்கு நடுவே நுரை தள்ளியிருந்தால், ஓடுவதற்கு முன்பே பதறித் தன் பலத்தைச் செலவழித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது பெரிய பாடம். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு நம்பர்களும் பன்னிரண்டு குதிரைகளாகிவிட்டன. மண்டபத்துத் திரையை நிமிர்ந்து பார்த்தால், அதே நேரத்தில் அங்கே கட்டமும் கணக்கும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓடும் படத்துக்கே குதிரைதான் தாய். 1878-இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர், ஓடுதளத்தின் ஓரமாகப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, பாய்ந்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்று அப்போது ஒரு சர்ச்சை. எழும்புகின்றன என்று படம் காட்டியது. அதுவும், ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்களை முன்னும் பின்னும் நீட்டியிருக்கும்போது அல்ல. நான்கையும் வயிற்றுக்குக் கீழே சுருட்டியிருக்கும்போது! சினிமாவுக்குப் பிள்ளையார் சுழி போட்ட முயற்சிகளில் அது ஒன்று. தொலைக்காட்சியும் அப்படித்தான். 1931 ஜூன் 3-ஆம் தேதி, தொலைக்காட்சி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஜான் பெயர்டு இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை ஒளிபரப்பினார். முப்பது கோடுகளால் ஆன மங்கல் படம். குதிரையா நாற்காலியா என்று தெரிந்திருக்காது. ஆனாலும் அவருக்கு முதலில் காட்டத் தோன்றியவற்றில் அது ஒன்று!

படத்தின் தரம் என்று சொல்லும்போது, கேமரா எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் அடிக்கடி போகும் கோப்பிக் கடையில், முன்பு இருவர் ஒரு பந்தயத்தின் முடிவைப் பற்றி மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். வெளிப்பக்கம் ஓடிய குதிரைதான் முதலில் வந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர். அறிவித்ததோ உள்பக்கக் குதிரை. ஏமாற்று வேலை என்று அவர் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. கேமரா முடிவுக் கோட்டுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளிச் சாய்வாக நின்றால், கேமராவுக்கு அருகில் இருக்கும் குதிரையும் தூரத்தில் இருக்கும் குதிரையும் முன்பின்னாக மாறித் தெரியும். ரயில் நிலையத்தில் எதிர்ப்புறத் தூணைச் சாய்ந்து பார்ப்பது போலத்தான்.

அதனால்தான் முடிவைத் தீர்மானிக்க வேறு ஒரு கேமரா இருக்கிறது. 1937-இல் கலிபோர்னியாவின் டெல் மார் திடலில் புழக்கத்துக்கு வந்த முறை அது. முடிவுக் கோட்டுக்கு நேராக, ஒரு மெல்லிய பிளவு வழியாக மட்டும் அது பார்க்கும். அந்தப் பிளவைத் தாண்டுவது மூக்கா, கழுத்தா, வாலா என்று நேரத்துக்கு நேரம் பதிந்துகொண்டே போகும். நாம் பார்க்கும் அந்தப் படம் ஓர் இடத்தின் படம் அல்ல. ஒரே கோட்டின் மேல் நேரம் கடந்துபோன படம். இதை ஒரு முறை, ஒரே ஒரு முறை, திரையில் இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் அந்த இருவரும் மூன்று மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கோப்பி குடித்திருக்க மாட்டார்கள். விளக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. அடுத்த கட்டம் காத்திருக்கிறதே!

நன்றாகச் செய்தவர்களும் உண்டு. 1973 ஜூன் 9-ஆம் தேதி நியூயார்க்கின் பெல்மான்ட் திடலில் செக்ரடேரியட் என்ற குதிரை முப்பத்தொரு குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது. அந்தப் பதிவு இப்போது யூடியூபிலும் கிடைக்கிறது. பேரப் பிள்ளைகளிடம் சொல்லிப் போட்டுப் பாருங்கள். கடைசித் திருப்பத்தில் கேமராக்காரர் ஒரு முடிவெடுக்கிறார். நெருக்கமாகக் காட்டினால் குதிரையின் அழகு தெரியும், அது எவ்வளவு தூரம் முன்னால் போய்விட்டது என்பது தெரியாது. மற்றக் குதிரைகளையும் சேர்த்துக் காட்ட, படத்தை அகலமாக்கிக்கொண்டே போகிறார். குதிரை சிறிதாகிக்கொண்டே வருகிறது. பின்னால் வெறும் ஓடுதளம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அந்தக் காலி இடம்தான் அந்தப் பந்தயத்தின் கதை. ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் அதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதில் நான் ஒரு காசு கட்டியவன் இல்லை.

ஹாங்காங்கில் ஒவ்வொரு 400 மீட்டரையும் குதிரைகள் எத்தனை விநாடியில் கடந்தன என்று கணக்கெடுத்துக் கொடுக்கிறார்கள். முன்னால் ஓடும் குதிரை வேகமாக ஓடுகிறதா, மற்றவர்களை மெல்ல ஓட வைத்து ஏமாற்றுகிறதா என்பது அதைப் பார்த்தால் விளங்கும். சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு இருக்கும் சுவை அதில் கிடைக்கும்.

வர்ணனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிபிசியில் சுமார் ஐம்பது ஆண்டு வர்ணனை செய்து 1997-இல் ஓய்வு பெற்றார் பீட்டர் ஓ'சல்லிவன். இந்த வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஜாக்கிகளின் சட்டை நிறங்களையும் குதிரைகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஓட்டம் முடிந்ததும் அத்தனையும் மறந்துவிட்டு, அடுத்த பட்டியலைப் படிக்க வேண்டும். அவதானக் கலைஞர்கள் செய்வதற்கு ஒரு படி குறைவு, அவ்வளவுதான்.

நம் மொழியில் இங்கே ஒரு குதிரைப் பந்தய வர்ணனையை நான் கேட்டதே இல்லை. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? பரி, புரவி, இவுளி, கலிமா என்று குதிரைக்கே எத்தனை பெயர்! குதிரையின் நடையை ஐந்து வகையாகப் பிரித்து ஐங்கதி என்றார்கள். மயில்போல் நடந்தால் மயூரகதி, குரங்குபோல் தாவினால் வானரகதி. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. நம் பினாங்குக் குதிரைகளும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கடல் கடந்து வந்தவைதானே! இவ்வளவும் கையில் இருந்தும், லாயத்தில் வேலை பார்த்த நம்மவர்கள் தாங்கள் வளர்த்த குதிரையின் ஓட்டத்தை அரைகுறையாகப் புரிந்த மொழியில்தான் கேட்டார்கள். என் சித்தப்பா வர்ணனையைக் கேட்கவே மாட்டார். படத்தை மட்டும் பார்ப்பார்.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமானது. என் சித்தப்பா ஒரு குதிரையை இரண்டரை ஆண்டு பார்த்துக்கொண்டார். பிறகு அது வேறொருவருக்கு விற்கப்பட்டு வேறோர் ஊருக்குப் போய்விட்டது. அது சகஜம். ஒரு நாள் அந்த ஊர்ப் பந்தயத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் குதிரை ஓடுகிறது. வளைவில் திரும்பும்போது விழுந்துவிட்டது. கேமரா என்ன செய்யும்? ஓடிக்கொண்டிருக்கும் மற்றக் குதிரைகளோடு போய்விட்டது. அது நியாயம்தான், ஓட்டம் முடியவில்லையே. ஆனால் ஓட்டம் முடிந்த பிறகும் கேமரா அந்த வளைவுக்குத் திரும்பவில்லை. வெற்றித் தொகை வந்தது. கட்டம் வந்தது. எழுந்ததா, நொண்டியதா, செத்ததா, ஒரு சொல் இல்லை. சித்தப்பா மண்டபத்தில் நின்றபடியே அடுத்தடுத்து நான்கு ஓட்டங்களைப் பார்த்தார், யாராவது ஏதாவது சொல்வார்களா என்று. மூன்று நாள் கழித்து, குதிரை ஏற்றி வரும் ஒரு லாரி ஓட்டுநர் சொல்லித்தான் அதை அன்றே ஊசி போட்டு முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

கோரமான காட்சியைக் காட்ட வேண்டாம் என்பது சரிதான். வீட்டில் குழந்தைகள் பார்க்கும் நாடுகளில்கூட விழுந்த குதிரையைச் சுற்றித் திரை கட்டுவார்கள். நான் கேட்பது படத்தை அல்ல, ஒரு தகவலை. 2006 மே மாதம் அமெரிக்காவில் பார்பாரோ என்ற குதிரைக்கு, கென்டக்கி டெர்பியை வென்ற இரண்டே வாரத்தில், பிரீக்னெஸ் பந்தயத்தில் பின்னங்கால் எலும்பு நொறுங்கியது. நாடே நேரடி ஒளிபரப்பில் பார்த்தது. அதோடு விடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, பிறகு குளம்பில் வந்த அழற்சி, மருத்துவர்களின் விளக்கம், 2007 ஜனவரி 29-இல் அதன் முடிவு வரைக்கும் எட்டு மாதம் செய்தி சொன்னார்கள். குதிரையின் கால் எப்படிப்பட்டது, ஏன் அதை மனிதக் கால்போல் கட்டுப் போட்டுப் படுக்க வைக்க முடியாது என்று பந்தயமே பார்க்காதவர்களும் தெரிந்துகொண்டார்கள். மற்ற மூன்று கால்களில் எடை ஏறினால் அந்தக் குளம்புகளும் கெட்டுவிடும். அதுதான் அதைக் கொன்றது.

ஜப்பானில் இன்னொரு கதை. ஹரு உராரா என்று ஒரு பெண் குதிரை. கோச்சி என்ற சிறிய ஊரின் நலிந்துபோன பந்தயத் திடலில் ஓடியது. தோற்றது, தோற்றது, தோற்றுக்கொண்டே இருந்தது. 2003-இல் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதைப் பிடித்துக்கொண்டன. 2004 மார்ச் 22-இல் அந்நாட்டின் மிகப் பெரிய ஜாக்கியான யுதாகா தாக்கே அதன்மீது ஏறினார். அது 106-ஆவது ஓட்டம். பதினொரு குதிரையில் பத்தாவதாக வந்தது! பதின்மூவாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். அது பந்தயத்தில் 'அடிக்காது' என்பதால், அதன் பெயரில் வாங்கிய சீட்டைக் காரில் வைத்தால் வண்டி மோதாது என்று மக்கள் நம்பி வாங்கினார்கள். மொத்தம் 113 ஓட்டம், ஒரு வெற்றியும் இல்லை. மூடும் நிலையில் இருந்த திடல் பிழைத்துக்கொண்டது. 2025 செப்டம்பரில், 29 வயதில் அது இறந்தபோது ஜப்பானியர்கள் துக்கப்பட்டார்கள். தோற்கும் குதிரைக்கு ஒரு முகம் கொடுத்தது ஊடகம். நம் திரையில் அது வெறும் ஏழாம் நம்பராக இருந்திருக்கும். மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஏழாம் நம்பராகக்கூட இருந்திருக்காது.

தாய்மார்கள் சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. "சூதாட்டத்துக்கு இவ்வளவு வக்காலத்தா?" என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். குதிரையில் கட்டித் தாலிக்கொடி அடகுக்குப் போன வீடு எங்கள் உறவிலேயே உண்டு. சம்பள நாளன்று பிள்ளைகள் வாசலில் நின்று அப்பாவைத் தேடிய கதையும் தெரியும். அதை மறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் எந்த ஒளிபரப்பு அந்த அப்பாவை அங்கே உட்கார வைத்தது என்று பாருங்கள். சென்னையில் ஒரு வழக்கு நடந்தது. குதிரைப் பந்தயத்தையே ஒழிக்க 1974-இல் தமிழக அரசு சட்டம் கொண்டு வந்தது. கிண்டி ரேஸ் கிளப் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996 ஜனவரி 12-இல் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை சார்ந்தது என்றார்கள் நீதிபதிகள். குதிரையின் வம்சம், உடல்நிலை, ஜாக்கியின் திறமை, சுமக்கும் எடை, திடலின் தன்மை இவற்றையெல்லாம் அறிந்து கணிப்பதால் அது சூதாட்டத்தில் சேராது என்பது வாதம். சரி, ஒப்புக்கொள்வோம். அந்த அறிவில் எதை அந்தத் திரை காட்டியது? எதையும் காட்டாமல், பன்னிரண்டு நம்பரையும் பன்னிரண்டு கணக்கையும் மட்டும் காட்டினால், அது குலுக்குச் சீட்டு. குதிரையைப் பார்ப்பவன் ஓர் ஓட்டத்துக்கு அரை மணி நேரம் செலவழிப்பான். நம்பரைப் பார்ப்பவன் அரை மணி நேரத்தில் மூன்று ஊர் ஓட்டங்களில் கட்டிவிடுவான். எனக்குத் தெரிந்து அழிந்தவர்கள் எல்லாம் இரண்டாவது வகை. என் சித்தப்பா முப்பது ஆண்டு குதிரைகளோடு இருந்தார். வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது.

இப்போது வரிசையாகக் கதவுகள் மூடிவிட்டன. 2024 மார்ச் 30-இல் மக்காவில் கடைசி ஓட்டம். அதே ஆண்டு அக்டோபர் 5-இல் சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசி ஓட்டம். 1842-இல் தொடங்கிய கிளப் அது. இடையில் செப்டம்பரில், கிண்டியில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் குத்தகையை ரத்து செய்து தமிழக அரசு எடுத்துக்கொண்டது. பிறகு நம் பினாங்கு. தீபகற்ப மலேசியாவில் மீதமிருந்தவை சிலாங்கூரும் பேராக்கும். நிலத்தின் விலை ஏறிவிட்டது, பார்க்க வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். வரவில்லையே என்று வருத்தப்பட்டுப் பயன் என்ன? பிள்ளைகளுக்கு ஒரு குதிரையையாவது பெயர் சொல்லி அறிமுகம் செய்து வைத்தோமா?

2008-இல் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரம் ஆனது. பழைய கடைவீடுகளின் சுவரில் எல்லாம் வரலாற்றுக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். குதிரைக்காரர்களுக்குக் குறிப்பு வைக்கச் சுவர் இல்லை. பந்தயங்களின் ஓட்டப் பதிவு எங்காவது இருக்கும். லாயத்தின் காலை நேரத்தை, சைஸ்களின் குரலை யார் பதிவு செய்தார்கள்? இந்த வட்டாரத்தில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. போய் உட்கார்ந்து பேச வையுங்கள். தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன், அரை மணி நேர நிகழ்ச்சி போதும். பெரிய செலவு இல்லை. ஸ்டூடியோகூட வேண்டாம், ஒரு மரத்தடி போதும்.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. மே 31-ஆம் தேதி அவரால் போக முடியவில்லை. போன ஒரு பையன் கைப்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஓட்டம் எல்லாம் நன்றாக வந்திருந்தது. அவர் அதை அவ்வளவாகப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால், குதிரைகளை நடத்திக்கொண்டு வரும் ஒரு சின்னக் காட்சி. கேமரா ஆட்டத்தில் தலை பாதி வெட்டுப்பட்டு, ஒரு கையும் கடிவாளக் கயிறும் குதிரையின் கழுத்தும் மட்டும் தெரிகின்றன. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கயித்த ரொம்ப இறுக்கிப் பிடிச்சிருக்கான் பாரு. இப்படிப் பிடிச்சா அது பயப்படும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசி நாளுன்னு தெரியுமில்ல, அதான் பாவம்" என்றார்.

அந்தக் காட்சி நான்கு விநாடிதான். பதினொரு முறை போடச் சொன்னார்.